ஆறு பக்கக் கட்டுரையும் அதன் கணக்கும்

(ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

1972 டிசம்பர் மாத ‘கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏ.சி.எம்.’ இதழில் 1053ஆம் பக்கத்தில் தொடங்கும் ஒரு கட்டுரை 1058ஆம் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. எழுதியவர் டி. எல். பார்னாஸ், கார்னகி-மெலன் பல்கலைக்கழகம். அப்போது அவருக்கு வயது 31. ஒரு மென்பொருள் அமைப்பை மாட்யூல்களாகப் பிரிக்கும்போது எதை அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பதுதான் பொருள். கட்டுரையில் தேற்றம் இல்லை, சோதனைச்சாலை முடிவுகள் இல்லை, வரைபடங்களும் இல்லை. ஒரு சின்னஞ்சிறு புரோகிராம், அதைப் பிரிக்க இரண்டு வழிகள், இரண்டில் எது மேல் என்ற வழக்கு, அதற்கொரு தீர்ப்பு.

மென்பொருள் பொறியியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளுள் அது ஒன்று. ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தில் அதன் பெயரை எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதே டேவிட் லார்ஜ் பார்னாஸ் 2007 நவம்பரில், அதே இதழில், ‘இந்த எண் விளையாட்டை நிறுத்துங்கள்’ என்ற பொருளில் ஒரு காரமான பத்தி எழுதினார். கட்டுரைகளை எண்ணி ஆளை எடைபோடுவது விஞ்ஞானத்தைக் கெடுக்கிறது என்றார். எண்ணிக்கையில் தோற்றவர் இப்படிச் சொன்னால் புளித்த திராட்சை என்று ஒதுக்கிவிடலாம். பார்னாஸை அப்படி ஒதுக்க முடியாது. அதனால்தான், மேற்கோள் எண்ணிக்கை ஒரு பேராசிரியரின் வாழ்நாள் உழைப்பைப் பற்றி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்பதற்கு அவருடைய வாழ்க்கை நல்ல உரைகல்.

முதலில் அந்த ஆறு பக்கம். அதில் வரும் உதாரணப் புரோகிராமுக்கு ‘க்விக்’ என்று பெயர். நூலகத்துறையிலிருந்து வந்த சரக்கு அது. 1950களின் இறுதியில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் உருவாக்கிய சொல்லடைவு முறை. ஒரு தலைப்பிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் சுழற்றிச் சுழற்றி முன்னால் கொண்டுவந்து, கிடைக்கும் வரிகளையெல்லாம் அகர வரிசையில் அடுக்குவது. ‘தஞ்சை வட்டார மண்பாண்டத் தொழில்’ என்றொரு தலைப்பு இருந்தால், அது ‘வட்டார மண்பாண்டத் தொழில் தஞ்சை’ என்றும், ‘மண்பாண்டத் தொழில் தஞ்சை வட்டார’ என்றும், ‘தொழில் தஞ்சை வட்டார மண்பாண்ட’ என்றும் பட்டியலில் நான்கு இடங்களில் வரும். எந்தச் சொல் நினைவிருந்தாலும் தேடிப் பிடித்துவிடலாம். நல்ல புரோகிராமர் ஒருவர் ஓரிரு வாரத்தில் எழுதிவிடக்கூடிய வேலை.

அந்தக் காலத்தில் எவரிடம் கொடுத்தாலும் இதை எப்படிப் பிரிப்பார்? முதலில் ஒரு ஃபுளோசார்ட் போடுவார். உள்ளீடு, சுழற்சி, அகர வரிசை, வெளியீடு, இவற்றை வரிசையாக ஓட்டும் தலைமைப் பகுதி. கட்டத்துக்கு ஒரு மாட்யூல், மாட்யூலுக்கு ஒரு ஆள். பாடப்புத்தகங்களும் அதைத்தான் சொல்லின. பார்னாஸ் இந்தப் பிரிவினையை எழுதி வைத்துவிட்டு, நாளைக்கு என்னென்ன மாறக்கூடும் என்று கேட்டார். உள்ளே வரும் தரவின் வடிவம் மாறலாம். எல்லா வரிகளையும் நினைவகத்தில் வைத்திருக்க இடமில்லாமல் போகலாம். ஒரு நினைவகச் சொல்லுக்குள் நான்கு எழுத்துகளைத் திணித்து வைப்பதை மாற்ற வேண்டி வரலாம். சுழற்றிய வரிகளை முழுதாக எழுதி வைக்காமல், எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாம். முழுப் பட்டியலையும் ஒரே மூச்சில் அடுக்காமல், கேட்கும்போது தேடித் தரலாம். ஃபுளோசார்ட் வழியில் பிரித்திருந்தால் இவற்றில் சில மாற்றங்கள் கிட்டத்தட்ட எல்லா மாட்யூல்களையும் கலைத்துவிடும். வரிகள் நினைவகத்தில் எப்படி இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதால், அது மாறினால் எல்லோரும் மாற வேண்டும்.

அவர் முன்வைத்த இரண்டாவது வழியில், மாறக்கூடிய ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு மாட்யூல். வரிகளைச் சேமித்து வைக்கும் விதம் ஒரு மாட்யூலுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். மற்றவை அதைக் கேட்டு வாங்கலாமே தவிர உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. சுவிட்சைப் போடுகிறவர் சுவருக்குள் ஒயர் எந்த வழியாகப் போகிறதென்று அறிந்திருக்க வேண்டியதில்லை என்பதுபோல. இதற்கு அவர் வைத்த பெயர் தகவல் மறைப்பு. ஃபுளோசார்ட்டிலிருந்து பிரிக்கத் தொடங்குவது பெரும்பாலும் தவறு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் கட்டுரையை முடித்தார்.

இந்த எண்ணம் வகுப்பறையில் பிறந்ததல்ல. பார்னாஸ் 1970 வாக்கில் நெதர்லாந்தில் பிலிப்ஸ் நிறுவனத்தின் கணினிப் பிரிவில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். அங்கே புரோகிராமர்கள் ஒருவரோடொருவர் பேச்சுவாக்கில் பகிர்ந்துகொள்ளும் உள்விவரங்கள் அப்படியே நிரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்வதைக் கவனித்தார். ஒருவர் தன் பகுதியைத் திருத்தினால், அவர் பெயரையே அறியாத இன்னொருவரின் பகுதி விழுந்தது. கூடிப் பேசி ஒற்றுமையாக வேலை செய்வது நல்லதுதானே என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில், அந்தப் பேச்சுதான் வினை என்று இவர் கண்டார். ஊருக்குத் திரும்பி எழுதிய கட்டுரையை மதிப்பிட்ட ஒருவர், ‘யாரும் இப்படிச் செய்வதில்லை, ஆகவே இவருக்கு விஷயம் தெரியவில்லை’ என்ற தோரணையில் குறிப்பு எழுதியதாகப் பின்னாளில் பார்னாஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். யாரும் அப்படிச் செய்யவில்லை என்பதுதானே கட்டுரை எழுதக் காரணம்!

அந்த மதிப்பீட்டாளர் மட்டுமல்ல, பெரிய மனிதர்களும் நம்பவில்லை. ஐ.பி.எம். 360 இயங்குதளத்தின் உருவாக்கத்தை நடத்தியவர் ஃபிரெட் புரூக்ஸ். வட கரோலினா பல்கலைக்கழகக் கணினித்துறையைத் தொடங்கியவரும் அவரே. 1975இல் வெளிவந்து இன்றுவரை விற்கும் தன் ‘தி மித்திகல் மேன்-மன்த்’ நூலில், பார்னாஸின் யோசனை அழிவுக்கு வழி என்ற பொருளில் எழுதினார். எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. பின்னாளில் பார்னாஸ் அதே வட கரோலினாவில் புரூக்ஸின் சக பேராசிரியராகவும் இருந்தார். நூலின் இருபதாம் ஆண்டுப் பதிப்பு 1995இல் வந்தபோது, இந்த விஷயத்தில் பார்னாஸ் சொன்னதே சரி, தான் சொன்னது தவறு என்று புரூக்ஸ் அச்சிலேயே ஒப்புக்கொண்டார். மேற்கோள் கணக்கில் 1975ஆம் ஆண்டின் மறுப்பும் ஒன்று, 1995ஆம் ஆண்டின் ஒப்புதலும் ஒன்று. கூட்டினால் இரண்டு.

கணக்கின் வரலாற்றையும் இங்கே கொஞ்சம் பார்த்துவிடலாம். யாரை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று தொகுக்கும் பழக்கம் அமெரிக்க வக்கீல்களிடமிருந்து வந்தது. ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தத் தீர்ப்புகள் ஏற்றன, எவை தள்ளின என்று காட்டும் ‘ஷெப்பர்ட்ஸ்’ அட்டவணை 1873 முதல் அங்கே உண்டு. யூஜீன் கார்ஃபீல்டு இதைப் பார்த்துத்தான் விஞ்ஞானத்துக்கும் இப்படியொன்று வேண்டும் என்று 1955இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். 1960களில் அவருடைய பிலடெல்பியா நிறுவனம் ‘சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ தொகுதிகளை வெளியிடத் தொடங்கியது. வக்கீல்களின் அட்டவணையில் ஏற்பா மறுப்பா என்று குறி இருந்தது. விஞ்ஞானத்துக்கு வந்தபோது அந்தக் குறி உதிர்ந்துவிட்டது, எண்ணிக்கை மட்டும் நின்றது.

நூலகப் புள்ளியியலுக்கு நம் பக்கத்து முன்னோடி ஒருவர் உண்டு. சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன். நூலகப் பணிகளைப் புள்ளியியலால் அளக்க வேண்டும் என்று சொல்லி, அந்தத் துறைக்கு ‘லைப்ரமெட்ரி’ என்று பெயர் சூட்டி 1948இல் இங்கிலாந்தில் நடந்த ஆஸ்லிப் மாநாட்டில் பேசியவர் அவர். அவர் அளக்க நினைத்தது நூலகத்தின் நடைமுறையை. எந்தப் பேராசிரியருக்குப் பதவி உயர்வு என்பதையல்ல. கார்ஃபீல்டின் முதல் நோக்கமும் தேடலுக்கு உதவுவதுதான். ஆளை அளக்கும் கோலாக அது மாறியது பின்னால். 2004இல் கூகுள் ஸ்காலர் வந்தது. 2005இல் கலிபோர்னியாவின் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் எச்-இண்டெக்ஸ் என்ற ஒற்றை எண்ணை முன்மொழிந்தார். குறைந்தது 20 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 20 இருந்தால் எச் 20. அதன்பின் ஒரு மனிதரைப் பற்றி ஒரே எண்ணில் பேசிவிடலாம் என்றாகிவிட்டது.

மென்பொருள் பொறியியலுக்கு இந்தக் கணக்கு ஆரம்பத்திலிருந்தே சரியாகப் பொருந்தவில்லை. 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மாநாட்டில்தான் இத்துறைக்குப் பெயரே நிலைத்தது. இங்கே நல்ல சரக்கு முதலில் மாநாட்டுக்குத்தான் வரும். இதழுக்கு அப்புறம், அல்லது வராமலே போகும். பார்னாஸ் தகவல் மறைப்பின் அடிப்படையை முதலில் பேசியது 1971இல் லூப்லியானாவில் நடந்த ஐ.எஃப்.ஐ.பி. மாநாட்டில். மென்பொருளுக்கும் முதுமை உண்டு என்று அவர் விரித்துரைத்தது 1994இல் இத்தாலியின் சொரெண்டோவில், இத்துறையின் தலையாய மாநாட்டில். கார்ஃபீல்டின் தொகுதிகள் பெரும்பாலும் இதழ்களையே புரட்டின. கூகுள் வந்து மாநாடுகளையும் அறிக்கைகளையும் அள்ளிச் சேர்த்தபோதுதான் பல மென்பொருள் பேராசிரியர்கள் ஒரே இரவில் ‘பெரிய ஆள்’ ஆனார்கள். அவர்கள் செய்த வேலை அதே வேலைதான்.

இன்னொரு கோணலும் உண்டு. எந்த மாதிரிக் கட்டுரைக்கு மேற்கோள் குவியும்? கீல் பல்கலைக்கழகத்தின் பார்பரா கிச்சன்ஹாம், ஸ்டூவர்ட் சார்ட்டர்ஸுடன் சேர்ந்து 2007இல் ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டார். முந்தைய ஆய்வுகளைத் தேடித் தொகுத்து மதிப்பிடுவதற்கான நெறிமுறை அது. மருத்துவத்துறையின் பழக்கத்தை மென்பொருள் பொறியியலுக்குக் கொண்டுவந்த உருப்படியான வேலை. இதழில் வந்ததல்ல, பல்கலைக்கழக அறிக்கைதான். ஆனாலும் இத்துறையில் மதிப்பாய்வுக் கட்டுரை எழுதும் ஏறக்குறைய ஒவ்வொருவரும் ‘இந்த நெறிமுறையைப் பின்பற்றினேன்’ என்று அதைக் காட்டியாக வேண்டும். அதேபோல எம்.ஐ.டி.யில் ஷ்யாம் சிதம்பரும் கிறிஸ் கெமரரும் 1994இல் தந்த ஆறு அளவீடுகள். ஆப்ஜெக்ட் முறையில் எழுதிய நிரலின் சிக்கலை அளக்க உதவுபவை. அவற்றை வைத்து அளப்பவர் மேற்கோள் காட்டாமல் தப்ப முடியாது. கருவி தந்தவருக்குப் பயன்படுத்தும்போதெல்லாம் ரசீது கிடைக்கிறது.

கொள்கை தந்தவருக்கு அப்படியில்லை. இன்று ஜாவாவில் ‘பிரைவேட்’ என்று தட்டும் இரண்டாமாண்டு மாணவர் பார்னாஸைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். சி++ மொழியில் கிளாஸ் ஒன்றின் உறுப்புகள், வேறு சொல்லாதவரை, வெளியாருக்கு மறைந்தே இருக்கும். அந்த ஏற்பாட்டின் பின்னால் இருப்பதும் இதே வாதம்தான். அதை மொழிகளுக்குள் கொண்டுசேர்த்ததில் வேறு பலருக்கும் பங்குண்டு. குறிப்பாக, கணினித்துறையின் உச்ச விருதான டூரிங் விருதின் 2008ஆம் ஆண்டுப் பரிசைப் பெற்ற பார்பரா லிஸ்கோவ். எண்ணம் எல்லோருக்கும் பொதுச்சொத்தானதும் அடிக்குறிப்பு நின்றுபோகிறது. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இந்த நிகழ்வைப் பெயரிட்டு விளக்கியிருக்கிறார்: கண்டுபிடிப்பு அறிவின் உடம்போடு கலந்து, கண்டுபிடித்தவர் பெயர் கரைந்துபோவது. டி.என்.ஏ. பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இன்று வாட்சன், கிரிக் இருவரின் 1953ஆம் ஆண்டுக் கட்டுரையை அடிக்குறிப்பில் போடுவதில்லை. ஆக, பார்னாஸின் மேற்கோள் எண்ணிக்கை பெரிது என்பது உண்மை; அது அவருடைய தாக்கத்தைவிடச் சிறிது என்பதும் உண்மை. இரண்டாவது உண்மையை எந்த மென்பொருளும் எண்ணித் தராது.

அவர் பெயரில் மேற்கோள் குவிந்த இன்னொரு கட்டுரை வெறும் இரண்டு பக்கம். 1971இல் பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த கூர்ட்வா, ஹேமான்ஸ் இருவரோடு எழுதியது. ஒரே தரவைப் பலர் படிக்கவும் சிலர் எழுதவும் வரும்போது யாருக்கு முன்னுரிமை என்ற ‘வாசகர்–எழுத்தர்’ சிக்கல். இயங்குதளப் பாடம் படித்த எவருக்கும் தேர்வில் வந்திருக்கும். அவருடைய வேறு கட்டுரைகளோடு இது ஒட்டாமல் தனியே நிற்கிறது; அதனாலென்ன, கணக்கில் அதுவும் ஏறிக்கொண்டது.

ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1941 பிப்ரவரி 10 அன்று நியூயார்க் மாநிலத்தின் பிளாட்ஸ்பர்க்கில் பிறந்தவர். கார்னகியில் இளநிலை முதல் முனைவர் பட்டம் வரை எல்லாமே மின்பொறியியல். வழிகாட்டி, 1966இல் முதல் டூரிங் விருதைப் பெற்ற ஆலன் பெர்லிஸ். பார்னாஸ் எப்போதும் தன்னைப் பொறியாளர் என்றே சொல்லிக்கொண்டார். ஒன்டாரியோவில் முறைப்படி பொறியாளர் உரிமம் வைத்திருந்தார். மென்பொருள் பொறியியல் படிப்பு கணினி அறிவியலின் கிளை அல்ல, பாலம் கட்டுகிறவர்களுக்கும் பாய்லர் செய்கிறவர்களுக்கும் உள்ளதுபோல அது தனிப் பொறியியல் படிப்பாக இருக்க வேண்டும் என்று வாதாடி, ஹாமில்டன் நகரின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் அப்படியொரு படிப்பைத் தொடங்கியும் வைத்தார். மேரிலாந்து, கார்னகி, வட கரோலினா, ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட், கனடாவின் விக்டோரியா, குவீன்ஸ், மக்மாஸ்டர், அயர்லாந்தின் லிமரிக் என்று ஊர் ஊராகப் போனவர். கோபக்காரர் என்று பெயரும் உண்டு; அவர் கட்டுரைகளைப் படித்தவர்களுக்கு அதில் வியப்பிருக்காது.

2007ஆம் ஆண்டின் அந்தப் பத்தியிலும் கோபம் உண்டு, ஆனால் வாதம் சீராக நடக்கிறது. எண்ணிக்கைக்குப் பரிசு என்றால் என்ன நடக்கும்? மேலோட்டமான ஆய்வு பெருகும். தலைவர் பெயர் எல்லாக் கட்டுரையிலும் வரும்படி பெரிய பெரிய குழுக்கள் உண்டாகும். சொன்னதையே திருப்பிச் சொல்லும் கட்டுரை, அரைவேக்காட்டுக் கட்டுரை, ஒரு முடிவை நான்காக நறுக்கிய கட்டுரை எல்லாம் வரும். ‘உன் பெயரை நான் போடுகிறேன், என் பெயரை நீ போடு’ என்ற உடன்படிக்கைகள் வரும். சரி, கட்டுரையை எண்ணாமல் மேற்கோளை எண்ணலாமே என்பவர்களுக்கும் அவர் பதில் வைத்திருந்தார். சில மேற்கோள்கள் மறுப்பதற்காக வருபவை. சில, ‘நானும் படித்தவன்’ என்று காட்டுவதற்காக. சில, படிக்காமலே தலைப்பைப் பார்த்துச் செருகப்பட்டவை. அவர் சொன்ன மாற்று ஒன்றே ஒன்றுதான்: மதிப்பிடுகிறவர் கட்டுரையைப் படிக்க வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. நம் கல்லூரி வளாகங்களில் ‘இந்த வருஷம் எத்தனை பேப்பர் போட்டீங்க?’ என்பது குசலம் விசாரிப்பதுபோலவே ஆகிவிட்டது. 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு ஏ.பி.ஐ. என்ற மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கட்டுரைக்கும் இத்தனை புள்ளி. 2016 முதல் வெளிவரும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையும் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணுகிறது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகியதும், அவற்றை வடிகட்ட மானியக் குழு 2019இல் ‘கேர்’ பட்டியல் என்று ஒன்று போட வேண்டி வந்ததும் பார்னாஸ் முன்னறிந்த கதையின் உள்ளூர் அத்தியாயங்கள். ஆனால் இந்த முறைக்கு ஆதரவாகவும் ஒரு சொல் உண்டு, அதை மறைப்பது நேர்மையல்ல. சாதியும் சிபாரிசும் பார்த்து வேலை கொடுத்த ஊரில், எண் என்பது ஒரு பாதுகாப்பாகவும் வந்தது. தேர்வுக் குழுவில் ஆளில்லாத சிறு ஊர் விரிவுரையாளருக்கு, ‘படித்துப் பார்த்து முடிவு செய்வோம்’ என்ற வாக்குறுதியைவிடப் புள்ளிக் கணக்கு நம்பகமாகத் தெரிந்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா? பார்னாஸ் இந்தப் பக்கத்தை அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை. படிக்கிறவர் நாணயமானவர் என்று எடுத்துக்கொண்டே அவர் பேசுகிறார்.

அவருடைய உழைப்பில் பெரும்பகுதி, எந்த அட்டவணையும் எட்டாத இடங்களில் கிடக்கிறது. 1970களின் பிற்பகுதியில் வாஷிங்டனிலுள்ள அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்துடன் சேர்ந்து, ஏ-7இ போர்விமானத்தின் மென்பொருளைத் தன் கொள்கைப்படி மறுபடியும் வடிவமைக்கும் திட்டத்தில் இறங்கினார். க்விக் போன்ற ஒரு பொம்மைப் புரோகிராமில் எடுபடுவது, நினைவகத்தில் ஒவ்வொரு பைட்டுக்கும் அடிதடி நடக்கும் விமானத்தில் எடுபடுமா என்பது கேள்வி. முதல் வேலையாக, அந்த மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும், எப்படிச் செய்கிறது என்ற பேச்சே இல்லாமல், அட்டவணை அட்டவணையாக எழுதினார்கள். கேத்ரின் ஹெனிங்கர் முதலானோர் பாடுபட்ட அந்த ஆவணம் 1978இல் வந்தது. விமானிகளும் பொறியாளர்களும் அதைப் படித்துத் தவறு கண்டுபிடிக்க முடிந்தது. அதுதான் அதன் சிறப்பு. அந்த அனுபவத்திலிருந்து வந்த ஒரு கட்டுரை 1986இல் பால் கிளமென்ட்ஸுடன் எழுதியது. யாரும் ஒழுங்கான வரிசையில் வடிவமைப்பதில்லை, ஆனால் ஒழுங்கான வரிசையில் வடிவமைத்ததுபோல ஆவணம் எழுதி வைக்க வேண்டும், பின்னால் வருபவருக்கு அதுதான் உதவும் என்பது சாரம். முனைவர் பட்ட ஆய்வேடு எழுதியவர்கள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1985இல், வேறொரு காரியம் செய்தார். அமெரிக்க அதிபர் ரீகன் 1983 மார்ச்சில் அறிவித்த ஏவுகணைத் தடுப்புத் திட்டம், பத்திரிகைகள் ‘ஸ்டார் வார்ஸ்’ என்று கேலி செய்த திட்டம், தன் கணினி ஆலோசனைக் குழுவில் பார்னாஸை உறுப்பினராக்கியது. நாளொன்றுக்கு ஆயிரம் டாலர் சம்பளம். பாதுகாப்புத் துறைக்கு ஆலோசனை சொல்வதில் அவருக்குக் கொள்கை மறுப்பு எதுவும் இல்லை. கடற்படைக்கு வேலை செய்துகொண்டிருந்தவர்தானே. ஆனால் 1985 ஜூன் மாதக் கடைசியில் பதவி விலகல் கடிதம் அனுப்பினார். கூடவே எட்டுச் சிறு கட்டுரைகள். இந்த மென்பொருளை உண்மையான போர்ச்சூழலில் சோதித்துப் பார்க்கவே முடியாது. எதிரியின் ஆயுதம் எப்படியிருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. போர் சில நிமிடங்களில் முடிந்துவிடும், நடுவில் பிழை திருத்த நேரமில்லை. முதல் முறையே சரியாக ஓடும் என்று நம்பக் காரணமில்லாத ஒன்றை நம்பி ஒரு நாடு தன் பாதுகாப்பை வைக்கக் கூடாது. இப்படி ஒவ்வொன்றாக எழுதினார். நிபுணர் மொழியில்லாத, பத்திரிகை வாசகருக்கும் புரிகிற எழுத்து. ‘அமெரிக்கன் சயன்டிஸ்ட்’ அவற்றை வெளியிட்டது, டிசம்பரில் ஏ.சி.எம். இதழும் வெளியிட்டது.

ஆராய்ச்சிப் பணம் கொட்டப்போகிற திட்டத்தை ஒரு பேராசிரியர் வேண்டாம் என்று சொல்வது சக பேராசிரியர்களுக்கு உவப்பான செய்தியல்ல. திட்டம் நிறைவேறாது என்று தெரிந்தாலும் பணத்தை வாங்கி நல்ல ஆராய்ச்சி செய்யலாமே என்று வாதித்தவர்கள் இருந்தார்கள். அந்த வாதத்தையும் அவர் தன் கட்டுரைகளில் எடுத்துக்கொண்டு மறுத்தார். சமூகப் பொறுப்புள்ள கணினியாளர்கள் அமைப்பு தன் முதல் நார்பர்ட் வீனர் விருதை 1987இல் அவருக்குத் தந்தது. டூரிங் விருது மட்டும் அவருக்கு இதுவரை வரவில்லை.

அடுத்தது அணு உலை. கனடாவின் ஒன்டாரியோ ஏரிக்கரையில் டார்லிங்டன் மின்நிலையம். நான்கு கான்டு உலைகள். கல்பாக்கத்தில் உள்ள கனநீர் உலைகளின் மூதாதையும் இந்தக் குடும்பம்தான். உலை கட்டுமீறினால் நிறுத்துவதற்கு ஒன்றையொன்று சாராத இரண்டு ஏற்பாடுகள்: ஒன்று நிறுத்தக் கோல்களை உள்ளே விழவைக்கும், மற்றது நியூட்ரான்களை விழுங்கும் கரைசலைப் பாய்ச்சும். முன்பு ரிலேக்கள் செய்த முடிவெடுக்கும் வேலையை டார்லிங்டனில் கணினி நிரல்களிடம் விட்டிருந்தார்கள். உலை கட்டி முடிந்து, மின்சாரம் தரக் காத்திருந்த நேரத்தில், 1980களின் கடைசியில், அந்த நிரலை நம்பலாமா என்று அணுசக்திக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்டது. யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. வாரியம் பார்னாஸை ஆலோசகராக அழைத்தது.

அவர் வகுத்த சோதனை முறை இன்றும் வியக்க வைக்கும் அளவுக்கு எளிமையானது, சலிப்பூட்டும் அளவுக்கு உழைப்பு கேட்பது. ஒரு குழு, நிரலைப் பார்க்காமல், தேவை ஆவணத்திலிருந்து அட்டவணைகள் தயாரிக்கும்: இந்த நிலையில் இந்த விளைவு. இன்னொரு குழு, தேவைகளைப் பாராமல், நிரலை வரிவரியாகப் படித்து அது என்ன செய்கிறது என்று தன் அட்டவணைகளைத் தயாரிக்கும். மூன்றாவது குழு இரண்டையும் பக்கத்தில் வைத்து, பொருந்துகின்றன என்று படிப்படியாக நிறுவ வேண்டும். பொருந்தாத இடத்தைக் குறிக்க வேண்டும். இதையெல்லாம் தணிக்கை செய்ய ஒரு நான்காவது குழு. ஏ-7 விமானத்துக்காக எழுதிய அதே அட்டவணை முறைதான், இப்போது எதிர்த்திசையில் ஓடியது. மாதக்கணக்கில் நடந்தது. கட்டி முடித்த உலை சும்மா நின்றது. நிற்கும் ஒவ்வொரு நாளும் மின்வாரியத்துக்குப் பெருஞ்செலவு. பொருந்தாத இடங்கள் கிடைத்தன, திருத்தப்பட்டன. 1990இல் முதல் அலகு உற்பத்திக்கு வந்தது.

ஆனால் கட்டுப்பாட்டு வாரியம் அதோடு விடவில்லை. அந்த நிரல் இப்போதைக்குப் போதும், காலாகாலத்துக்கும் பராமரிக்க ஏற்றதல்ல, மறுபடி எழுதுங்கள் என்றது. மின்வாரியமான ஒன்டாரியோ ஹைட்ரோவும் கனடா அணுசக்தி நிறுவனமும் சேர்ந்து பாதுகாப்பு மென்பொருளுக்கென்று ஒரு தர விதியை எழுதின. 1990களில் டார்லிங்டனின் நிறுத்த மென்பொருள் முழுவதும் அந்த விதிப்படி, அட்டவணைகளிலிருந்து தொடங்கி, மாறக்கூடியவற்றை மாட்யூலுக்குள் மறைத்து, புதிதாக வடிவமைக்கப்பட்டது. அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் மின்நிலையப் பொறியாளர்கள். அவர்கள் எழுதியவை உள் அறிக்கைகள், சரிபார்ப்புப் பதிவுகள், கையொப்பமிட்ட ஆய்வுப் படிவங்கள். எந்த மேற்கோள் அட்டவணையிலும் அவை ஏறவில்லை. 1972ஆம் ஆண்டு வாதம் சரிதானா என்று ஒரு மாணவர் அறிய விரும்பினால், அந்த ஆறு பக்கத்துக்கு அடுத்தபடி அவர் படிக்க வேண்டியவை இவைதான்.